சீன எழுத்தின் இரு வடிவங்கள்: எதைப் படிப்பது, எங்கே சறுக்கும்?

கேள்வி இதுதான்: "சீனம் படிக்கத் தொடங்குகிறேன். செயலியில் 'எளிதாக்கப்பட்டது', 'பாரம்பரியம்' என்று இரண்டு காட்டுகிறது. இவை இரண்டு மொழிகளா? ஒன்றைப் படித்தால் மற்றதை வாசிக்க வருமா? கணினியே மாற்றித் தந்துவிடாதா?"

மொழி ஒன்றுதான், எழுதும் வடிவம்தான் இரண்டு. ஒன்றை நன்றாகப் படித்தவர் மற்றதைச் சில வாரப் பழக்கத்தில் வாசித்துவிடலாம். கணினியும் மாற்றித் தரும். ஆனால் மரபு வடிவத்திலிருந்து எளிய வடிவத்துக்கு ஏறக்குறையப் பிழையில்லாமல் மாற்றும் அதே கருவி, எதிர்த்திசையில் தடுக்கி விழும். அந்த இடம் புரிந்துவிட்டால் இந்த விஷயத்தில் பாதி புரிந்த மாதிரி. அங்கே வருகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைக் களைந்துவிடலாம். சீனத்தின் பேச்சு வகைகளில் மாண்டரின் என்றால் எளிய எழுத்து, கான்டனீஸ் என்றால் மரபு எழுத்து என்று பலர் நினைக்கிறார்கள். பேச்சுக்கும் எழுத்து வடிவத்துக்கும் அப்படிக் கட்டாயத் தொடர்பு கிடையாது. தைவானில் பேசுவது மாண்டரின், எழுதுவது மரபு வடிவம். குவாங்சோ நகரத்தில் வீட்டில் பேசுவது கான்டனீஸ், பள்ளியில் எழுதுவது எளிய வடிவம். எந்த வடிவம் என்பதை முடிவு செய்வது அந்த ஊர் அரசாங்கமும் பள்ளிக்கூடமும்தான்.

சீனப் பெருநிலம், சிங்கப்பூர், மலேசியா ஆகியவை எளிய வடிவத்தின் பக்கம். தைவான், ஹாங்காங், மக்காவ் மரபின் பக்கம். சிங்கப்பூர் 1969-இல் தனக்கென 502 எழுத்துகளை எளிதாக்கி ஒரு பட்டியல் போட்டது. 1976-இல் அதைக் கைவிட்டுச் சீனாவின் பட்டியலையே எடுத்துக்கொண்டது. சிங்கப்பூரின் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் தமிழுக்குப் பக்கத்தில் நாம் பார்க்கும் சீனம் அந்த எளிய வடிவம்தான். மலேசியாவின் சீன நாளேடுகள் ரொம்ப காலமாக ஒரு நடைமுறை வைத்திருக்கின்றன: தலைப்பு மரபு வடிவில், செய்தி எளிய வடிவில். அங்கே சீனப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் தனியாகச் சொல்லிக்கொடுக்காமலே இரண்டையும் வாசித்துவிடுவதற்கு இது ஒரு காரணம்.

பெயரிலேயே ஒரு சண்டை இருக்கிறது. எளிய வடிவத்தை 'ஜியன்தி' என்பார்கள், எளிய உரு என்று பொருள். மற்றதைப் பெருநிலத்தில் 'ஃபான்தி' என்பார்கள், சிக்கலான உரு. தைவான்காரர்கள் பலருக்கு இந்தச் சொல் பிடிக்காது. 'செங்தி' என்பார்கள், சரியான உரு. "எங்கள் எழுத்து சிக்கலானதில்லை, நீங்கள்தான் அதைக் குறைத்தீர்கள்" என்ற வாதம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

எழுத்தைக் குறைக்கும் யோசனை கம்யூனிஸ்ட் அரசுக்குப் பிறந்ததில்லை. 1935-இல் அன்று சீனாவை ஆண்ட தேசியவாத அரசாங்கமே 324 எளிய எழுத்துகளை வெளியிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் 1936 பிப்ரவரியில் திரும்பப் பெற்றுக்கொண்டது. மக்கள் சீனத்தின் திட்டம் 1956 ஜனவரியில் வந்தது. 1964-இல் முழுப் பட்டியல். 1986-இல் சிறு திருத்தங்களோடு 2235 எழுத்துகள் என்று நிலைபெற்றது. இன்று பெருநிலத்தில் நடப்பில் இருப்பது 2013-இன் பொதுப் பட்டியல்: மொத்தம் 8105 எழுத்துகள். 8105-க்குள் 2235 சொச்சம் என்ற கணக்கைக் கவனியுங்கள். பெரும்பாலான எழுத்துகளைத் தொடவே இல்லை. மனிதன், மலை, நீர், நெருப்பு, சூரியன், நிலா, நான், நீ, இல்லை, பெரிய, சிறிய, இவையெல்லாம் இரண்டு வடிவத்திலும் ஒன்றே. ஆனால் குறைக்கப்பட்டவை அடிக்கடி புழங்கும் எழுத்துகள் என்பதால், பக்கத்தைப் பார்த்தால் எங்கும் வேறுபாடாகவே தெரியும்.

இனி எப்படிக் குறைத்தார்கள் என்பது. சீன எழுத்தின் கனத்தைக் கோடுகளின் எண்ணிக்கையில் சொல்வார்கள்; பேனாவைத் தூக்காமல் ஒரு இழுப்பு, ஒரு கோடு. ஒரே விதி வைத்து எல்லாவற்றையும் குறைக்கவில்லை. கையில் கிடைத்த ஏழெட்டு வழிகளைக் கலந்து போட்டார்கள்.

மிகப் பழைய வழி, வேகமாக எழுதும் கையெழுத்தை அச்செழுத்தாக்குவது. 'புத்தகம்' என்ற எழுத்துக்கு மரபில் 10 கோடு, எளிய வடிவில் 4. 'குதிரை' 10-இலிருந்து 3. 'வாசல்' 8-இலிருந்து 3. 'கிழக்கு' 8-இலிருந்து 5. இவை புதுக் கண்டுபிடிப்பு இல்லை. தூரிகையைத் தூக்காமல் ஓட்டி எழுதியவர்கள் பல நூற்றாண்டுகளாக இப்படித்தான் எழுதினார்கள்.

இன்னொரு வழி, பழைய எழுத்தைத் தூசி தட்டி எடுப்பது. 'மேகம்' என்ற எழுத்தின் மரபு வடிவத்தில் மேலே 'மழை', கீழே ஒரு சுழி, 12 கோடு. ஆதியில் அந்தச் சுழி மட்டும்தான் மேகம். மழை பிறகு வந்து ஏறிக்கொண்டது. எளிய வடிவம் மழையை இறக்கிவிட்டு 4 கோட்டில் நிறுத்திவிட்டது. 'கூட்டம்' என்பதற்கு மூன்று மனிதர்களை அடுக்கி எழுதும் எளிய வடிவமும் பழையதுதான். மரபு வடிவத்தைவிட இதுதான் பார்த்த உடனே புரிகிறது. இந்த இரண்டு வழிகளில் வந்த எழுத்துகளை வைத்து "கம்யூனிஸ்டுகள் எழுத்தைக் கெடுத்தார்கள்" என்று சொல்வது நியாயமில்லை.

மூன்றாவது, ஒலிக்குறியை மாற்றுவது. பெரும்பாலான சீன எழுத்துகளில் ஓர் உறுப்பு பொருளைச் சொல்லும், இன்னொன்று உச்சரிப்பை ஏறத்தாழச் சொல்லும். 'பத்துக் கோடி' என்பதற்கான எழுத்து 'யீ'. மரபில் மனிதன் உறுப்போடு 13 கோட்டில் ஓர் ஒலிக்குறி, மொத்தம் 15. அந்த ஒலிக்குறியைத் தூக்கிவிட்டு, ஏறத்தாழ அதே ஒலி தரும் ஒற்றைக் கோட்டு எழுத்தை வைத்தார்கள். மொத்தம் 3 கோடு. இது கெட்டிக்கார வேலை என்பது என் கருத்து. நினைவில் நிற்கும், உச்சரிப்பும் கிடைக்கும்.

இதற்கு நேர்மாறு, வெற்றுக் குறி. இரண்டே கோட்டில் 'மறுபடியும்' என்று பொருள்படும் 'யோ' என்ற எழுத்து இருக்கிறது. சிக்கலான உறுப்பு எங்கெல்லாம் இடைஞ்சலாக இருந்ததோ அங்கெல்லாம் இதைச் செருகினார்கள். 'ஹான்' இனத்தைக் குறிக்கும் எழுத்தில், 'கோழி'யில், 'மகிழ்ச்சி'யில், 'நாடக'த்தில், 'தெங்' என்ற குடும்பப் பெயரில், எல்லாவற்றிலும் இதே 'யோ'. மரபு வடிவில் இந்த ஐந்திலும் அந்த இடத்தில் இருந்தவை ஐந்து வெவ்வேறு உறுப்புகள். பலவும் உச்சரிப்பைச் சொன்னவை. கோழி 18-இலிருந்து 7 ஆனது, சரி; ஆனால் 'ஜி' என்று வாசிக்க இருந்த துப்பு போயிற்று. எளிய வடிவம் மட்டும் படிப்பவர் இந்த எழுத்துகளை அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

வெளிக்கூட்டை மட்டும் வைத்துக்கொண்ட எழுத்துகளும் உண்டு. 'தொழிற்சாலை' 15 கோடு. உள்ளே இருந்ததையெல்லாம் காலி செய்து கூரையும் ஒரு சுவரும் மட்டும், 2 கோடு. தைவானில் இதை வைத்து ஒரு கிண்டல் சொல்வார்கள்: உறவு இருக்கிறது, பார்ப்பதில்லை, அன்பு இருக்கிறது, நெஞ்சில்லை, ஈன்றது இருக்கிறது, உயிரில்லை, ஆலை வெறுங்கூடு, நூடுல்ஸில் கோதுமையே இல்லை. ஒவ்வொன்றும் எழுத்திலிருந்து கழன்றுபோன உறுப்பு. 'உறவு' எழுத்திலிருந்து 'பார்', 'அன்பு' எழுத்தின் நடுவிலிருந்து 'இதயம்', இப்படியே. கிண்டல் அழகுதான். ஆனால் 'அன்பு' வெறும் 13-இலிருந்து 10 ஆனதுதான், இதயம் போன அந்த வடிவம் ஓட்டெழுத்தில் முன்பே உண்டு, கீழே 'நண்பன்' வந்து உட்கார்ந்திருக்கிறான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எளிய வடிவம் வெல்லும் ஓர் இடத்தைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். தைபேயில் ஒரு மின்தூக்கிக்குள் நிற்கிறீர்கள். யாரோ ஓடி வருகிறார்கள். கதவைத் திறந்து பிடிக்க வேண்டும். இரண்டு பொத்தான்கள், 'திற', 'மூடு'. மரபு வடிவில் இரண்டுக்கும் ஒரே வாசல் சட்டம்: இடமும் வலமும் இரு கதவு, 8 கோடு. வேறுபாடு உள்ளே இருக்கும் சின்ன உருவத்தில் மட்டும். 'திற' மொத்தம் 12, 'மூடு' மொத்தம் 19. பொத்தானின் அளவில் இரண்டும் இருட்டுக் கட்டமாகத் தெரியும், விரல் தவறான பொத்தானில் போகும். ஷாங்காய் மின்தூக்கியில் வாசல் சட்டமே இல்லை, உள்ளே இருந்ததுதான் எழுத்து: 4 கோடு, 6 கோடு, ஒன்றுக்கொன்று சாயல் இல்லை.

குறைத்ததில் பெரும்பங்கு உண்மையில் ஒப்புமையால் வந்தது. 1986 பட்டியலில் மூன்று அட்டவணைகள். முதல் அட்டவணையின் 350 எழுத்துகள் தனியாக நிற்கும்போது மட்டும் குறையும். இரண்டாம் அட்டவணையில் 132 எழுத்துகளும் 14 உறுப்புகளும். இவை வேறு எழுத்துக்குள் உறுப்பாகப் போனாலும் குறையும். அப்படிக் குறைந்து வந்த 1753 எழுத்துகள் மூன்றாம் அட்டவணை. ஆக 482 எழுத்தும் 14 உறுப்பும் தெரிந்தால் 2235-உம் தெரிந்த மாதிரி. இதைப் புத்தகங்கள் ஏனோ முதல் பக்கத்தில் சொல்வதில்லை.

உறுப்புகளில் நான்கை முதலில் பிடியுங்கள். எழுத்தின் இடப்பக்கம் வரும் 'சொல்' உறுப்பு 7 கோட்டிலிருந்து 2 ஆகும். 'உணவு' 8-இலிருந்து 3. 'பட்டு நூல்' 6-இலிருந்து 3. 'உலோகம்' 8-இலிருந்து 5. இடப்பக்கம் என்பது முக்கியம். 'காவல்' எழுத்தில் 'சொல்' கீழே வருகிறது. அங்கே எளிய வடிவிலும் முழு 7 கோடுதான். 'இறுக்கம்' எழுத்தின் அடியில் வரும் 'பட்டு நூல்' உறுப்பும் அப்படியே இருக்கும். புதிதாகப் படிப்பவர்கள் கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் குறைத்து எழுதி, இல்லாத எழுத்துகளை உண்டாக்குவது இங்கேதான்.

முதல் அட்டவணைக்காரர்களும் வழுக்குவார்கள். 'குழந்தை' என்ற எழுத்து தனியாக வந்தால் 2 கோடாகக் குறையும். அதே எழுத்து 'நீ' என்ற குடும்பப் பெயருக்குள் உறுப்பாக வந்தால் குறையாது. 'லூ' என்ற உறுப்பு இன்னும் மோசம்: 'மண்டையோடு' எழுத்தில் ஒரு மாதிரி குறைகிறது, 'அடுப்பு', 'கழுதை' எழுத்துகளில் வேறு மாதிரி. தர்க்கம் தேடாதீர்கள், 1950-களில் மக்கள் கையில் எது எப்படிப் புழங்கியதோ அதை அப்படியே பட்டியலில் ஏற்றினார்கள், அவ்வளவுதான்.

இப்போது அந்த ஒருவழிப் பாதைக்கு வருகிறேன். என் பார்வையில் கோடு குறைந்ததெல்லாம் மேல்தோல். உண்மையான மாற்றம், இரண்டு மூன்று தனி எழுத்துகளை ஒரே எழுத்தில் போட்டு அடைத்தது. இப்படிப்பட்டவை நூற்றுச் சொச்சம்.

ஒரு சாப்பாட்டுக் கடையின் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். 'மியென்' என்றால் முகம், 9 கோடு. 'மியென்' என்றால் கோதுமை நூடுல்ஸும்தான். மரபில் இடப்பக்கம் 'கோதுமை', வலப்பக்கம் 'முகம்', மொத்தம் 20. எளிய வடிவில் இரண்டுக்கும் 'முகம்' போதும். 'ஜியாங்' குடும்பப் பெயர் ஓர் எழுத்து, 'இஞ்சி' வேறு எழுத்து. எளிய வடிவில் இரண்டும் குடும்பப் பெயரின் எழுத்தே. 'பள்ளத்தாக்கு', 'தானியம்' இரண்டும் 'கூ'. எளிய வடிவில் ஒன்றே. 'உலர்ந்த', 'செய்' (அதோடு 'மரத்தண்டு'), 'கேடயம்' மூன்றும் மூன்று கோட்டில் ஒரே 'கான்'.

இதனால் சீனர்கள் குழம்புகிறார்களா? இல்லை. நாம் 'ஆறு' என்று படித்துவிட்டு எண்ணா, நதியா என்று தயங்குவதில்லையே, அப்படித்தான். ஆனால் 'ஆறு' என்பதை எண்ணுக்கு ஒரு விதமாகவும் நதிக்கு வேறு விதமாகவும் எழுத வேண்டும் என்று ஒரு இயந்திரத்திடம் கொடுத்துப் பாருங்கள். அதுதான் எளிய வடிவத்திலிருந்து மரபுக்குப் போகும் வேலை.

அங்கே நடக்கும் பிழைகள் இவை. 'ஃபா' என்ற ஒரே எளிய எழுத்துக்கு மரபில் இரண்டு: 'வெளிப்படு', 'தலைமுடி'. பெருநிலத்தில் பழைமைத் தோற்றம் வேண்டும் என்று மரபெழுத்தில் பலகை மாட்டும் முடிதிருத்தகங்கள் 'முடி' போட வேண்டிய இடத்தில் 'வெளிப்படு' போட்டுவிடும். தைவான்காரர்கள் படம் எடுத்துச் சிரிப்பார்கள். 'ஹோ' என்பதில் 'பின்னால்', 'அரசி' இரண்டும் அடக்கம். கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் ஹாங்காங்கின் குயின்ஸ் ரோடு 'அரசி'யை இழந்து 'பின்னால்' ஆகிவிடும். 'சியா மியென்' என்று இரண்டு எழுத்து எளிய வடிவில் வந்தால், 'கீழே' என்றும் இருக்கலாம், 'நூடுல்ஸைக் கொதிநீரில் போடு' என்றும் இருக்கலாம். மரபில் இரண்டாவது எழுத்து மாறும். வாக்கியம் முழுவதையும் படிக்காமல் முடிவு சொல்ல முடியாது. 'கான்' செய்த கூத்து தனி: உலர்பொருள் பகுதிக்கு மொழிபெயர்ப்புக் கருவி 'செய்' என்ற பொருளின் கொச்சை வடிவத்தை எடுத்து, சீனப் பல்பொருள் அங்காடிகளில் ஆங்கிலக் கெட்ட வார்த்தையைப் பெரிய எழுத்தில் தொங்கவிட்டது.

மரபிலிருந்து எளிய வடிவத்துக்குப் போகும்போதும் நாலைந்து பள்ளங்கள் உண்டு. 'உலர்ந்த' என்பதற்கான மரபெழுத்து, சியென்லோங் பேரரசரின் பெயரில் வேறு உச்சரிப்போடு வரும். அங்கே அதைக் குறைக்கக் கூடாது. குறைத்தால் பேரரசர் காய்ந்துபோவார். தைவானில் 'நூல் எழுது' என்பதற்கும், வினை நடந்துகொண்டிருப்பதைக் காட்டும் 'ச' என்ற துணை எழுத்துக்கும் ஒரே எழுத்தைப் போடுவார்கள். பெருநிலத்தில் இரண்டும் வேறு. இங்கே மட்டும் வரவு செலவு தலைகீழ்.

ஆக, ஒரு கோப்பை எளிய வடிவத்திலிருந்து மரபுக்கு மாற்றும் வேலை உங்களுக்கு வந்தால், எழுத்துக்கு எழுத்து மாற்றும் கருவியைத் தொடாதீர்கள். சொற்றொடர் அகராதி வைத்து மாற்றும் கருவி வேண்டும். 'ஓப்பன் சிசி' என்ற திறமூலக் கருவி இதற்குப் பெயர் பெற்றது. அதில் பல நிலைகள்: வெறும் மரபெழுத்து, தைவான் வழக்கு எழுத்து, தைவான் எழுத்தோடு தைவான் கலைச்சொற்களும். தைவான் வாசகருக்கு என்றால் மூன்றாவதை எடுங்கள். வேர்டிலும் மாற்றும் வசதி உண்டு, கடிதத்துக்குப் போதும். மாற்றிய பிறகு 'ஃபா', 'ஹோ', 'கான்', 'மியென்', 'உள்ளே' என்று பொருள்படும் 'லீ', 'மட்டும்' என்றும் உயிரிகளை எண்ணும் அலகு என்றும் பொருள்படும் 'ச', பைன் மரமா 'தளர்ந்த' என்பதா என்ற 'சோங்', ஒழுங்குமுறையா தயாரிப்பா என்ற 'ச' ஆகியவற்றின் மரபு வடிவங்களைக் கோப்பில் ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். பிழைகளில் பெரும்பகுதி இந்த எழுத்துகளிலேயே மாட்டிவிடும். கடைசியில் அந்த ஊர்க்காரர் ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு மாற்று இல்லை.

ஊர்க்காரர் ஏன் வேண்டும் என்றால், எழுத்து சரியாக இருந்தும் சொல் பெருநிலத்துச் சொல்லாக இருக்கலாம். மென்பொருளுக்குப் பெருநிலத்தில் 'ருவான்ஜியன்', தைவானில் 'ருவான்தி'. கணினியின் மவுஸ், வாடகைக் கார், அச்சிடு என்ற கட்டளை, எல்லாம் வேறு வேறு. 'தூதோ' என்றால் பெருநிலத்தில் உருளைக்கிழங்கு, தைவானில் நிலக்கடலை. 'சிலியாங்' என்றால் பெருநிலத்தில் தரம். தைவானில் இயற்பியல் பாடத்தின் நிறை. "எங்கள் பொருள்களின் தரம் உயர்ந்தது" என்று எழுதி அனுப்பினால் "எங்கள் பொருள்கள் கனமானவை" என்று போய்ச் சேரும்.

மரபு வடிவமும் ஒன்றே ஒன்று இல்லை. 'உள்ளே' என்ற எழுத்தில் 'துணி' உறுப்பைத் தைவான் இடப்பக்கம் வைக்கும். ஹாங்காங் அதை இரண்டாகப் பிளந்து மேலும் கீழும் வைத்து நடுவில் மீதியைச் செருகும். ஹாங்காங்கில் பேச்சு வழக்குக் கான்டனீஸை எழுத நூற்றுக்கணக்கில் தனி எழுத்துகள் உண்டு. தைவானுக்கென்று மட்டும் செய்த எழுத்துருவில் அவை கட்டமாகத் தெரியும்.

கணினிப் பக்கம் சுருக்கமாக. கணினி ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வைத்துக்கொள்ளும் முறைதான் குறிமுறை. பெருநிலத்தின் 1980-ஆம் ஆண்டுக் குறிமுறை ஜிபி 2312-இல் 6763 எழுத்துகள்தான். பிரதமராக இருந்த சூ ரோங்ஜியின் பெயரில் நடு எழுத்து அதில் இல்லை. பத்திரிகைகள் இரண்டு எழுத்தை ஒட்டித் திண்டாடின. தைவானின் பிக் 5 முழுக்க மரபெழுத்து. ஒன்றில் எழுதியதை மற்றதில் திறந்தால் குப்பை. எல்லா மொழிக்கும் பொதுக் குறிமுறையான யூனிகோட் வந்த பிறகு அந்தத் தொல்லை போயிற்று. எளிய எழுத்துக்கும் மரபெழுத்துக்கும் தனித்தனி எண். ஆனால் ஊருக்கு ஊர் சற்றே மாறும் எழுத்துகளுக்கு ஒரே எண்தான். 'எலும்பு' எழுத்தைப் பாருங்கள்: மேல் பகுதிக்குள் ஒரு சின்ன மூலை, பெருநிலத்தில் இடப்பக்கம், தைவானில் வலப்பக்கம். பெருநிலத்தில் 9 கோடு, தைவானில் 10. எந்தப் பக்கம் காட்டுவது என்பது எழுத்துருவின் கையில். இணையப் பக்கத்தில் மொழிக் குறியில் எளிய வடிவமா, மரபு வடிவமா என்று சொல்லாவிட்டால் உலாவி தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளும். சில நேரம் ஜப்பானிய எழுத்துரு வந்து உட்காரும். ஒரே வரியில் சில எழுத்து தடித்தும் சில மெலிந்தும் தெரிந்தால் காரணம் இதுதான்: ஓர் எழுத்துருவில் இல்லாததை இன்னொன்றிலிருந்து கடன் வாங்கியிருக்கிறது.

நிறுத்தக்குறியும் மாறும். பெருநிலத்தில் காற்புள்ளி கட்டத்தின் இடக்கீழ் மூலையில், தைவானிலும் ஹாங்காங்கிலும் கட்டத்தின் நடுவில். மேற்கோளுக்குப் பெருநிலத்தில் நாம் போடும் அதே இரட்டைக் குறி. தைவானில் மூலை மடித்த அடைப்பு. மாற்றுக் கருவிகள் பல இதைத் தொடுவதே இல்லை, தேடி மாற்ற வேண்டும்.

தட்டச்சு பெரிய தலைவலி இல்லை. பெருநிலத்தில் பின்யின் எனும் ரோமன் ஒலிபெயர்ப்பு. தைவானில் 37 குறிகள் கொண்ட சூயின். ஹாங்காங்கில் வடிவத்தைப் பிரித்து அடிக்கும் சாங்ஜியே, அதன் சுருக்கமான சூச்செங். பின்யின் தெரிந்தாலே மரபெழுத்து அடிக்கலாம்; விண்டோஸின் பின்யின் பலகையில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வடிவம் மாறும். ஆனால் அதுவும் உள்ளுக்குள் மாற்றுக் கருவிதான். 'அரசி', 'முடி' வரும் இடங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்தறிவு வாதத்தைப் பற்றியும் கேட்பார்கள். எளிய வடிவம்தான் சீனாவைப் படிக்க வைத்தது என்பது பெருநிலத்தின் வழக்கமான பேச்சு. தைவானும் ஹாங்காங்கும் மரபெழுத்தை வைத்துக்கொண்டே மக்களைப் படிக்க வைத்துவிட்டன. பள்ளிக்கூடம் கட்டி ஆசிரியரை அனுப்பியதுதான் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். எளிய வடிவம் எழுதும் கையின் சுமையைக் குறைத்தது உண்மை. வாசிக்கும் கண்ணுக்கு அவ்வளவு பெரிய சலுகை இல்லை. கோடு குறையக் குறைய எழுத்துகள் ஒன்றையொன்று ஒத்துப்போகும் என்பதும் உண்டு. 1977 டிசம்பரில் இன்னும் 853 எழுத்துகளைக் குறைக்க இரண்டாவது திட்டம் வந்தது; மக்களாலேயே தாங்க முடியவில்லை, 1986-இல் ரத்து செய்தார்கள். அதன் மிச்சம் இன்றும் சந்தையில் கிடக்கிறது: 'முட்டை' என்பதற்கு 'விடியல்' எழுத்தைக் கிறுக்கி வைத்திருக்கும் கடைக்காரர் அந்தக் காலத்து மனிதர். நம் ஊரில் 1978-க்குப் பிறகும் தும்பிக்கை வைத்த பழைய லை, னை போட்டே கடிதம் எழுதிய பெரியவர்கள் இருந்தார்களே, அந்த மாதிரிதான். நமக்கு மாறியது ஒருசில உயிர்மெய் வடிவங்கள் மட்டும், இரண்டு எழுத்து ஒன்றாகவும் இல்லை; அதனால் நாம் லேசாகத் தப்பித்தோம்.

எதைப் படிப்பது? வேலை, படிப்பு, வியாபாரம் பெருநிலத்தோடு என்றால், அல்லது சிங்கப்பூர், மலேசியாவில் இருந்தால், எளிய வடிவம். தைவான், ஹாங்காங் என்றால், அல்லது பழைய இலக்கியம், கல்வெட்டு, தூரிகை எழுத்து என்று போக ஆசை இருந்தால், மரபு. இரண்டையும் முதல் நாளிலிருந்து ஒன்றாகத் தொடங்காதீர்கள். ஒரே எழுத்தில் பாதி இதுவும் பாதி அதுவுமாக எழுதும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும், அதை விடுவிப்பது கஷ்டம். ஒன்றில் ஆயிரம் எழுத்து வரை போய்விட்டு மற்றதை வாசிக்க மட்டும் பழகுங்கள்.

பழகும் வரிசை இப்படி வைத்துக்கொள்ளலாம். முதல் வாரம் 14 உறுப்புகளும், உறுப்பாக அடிக்கடி வரும் வாசல், குதிரை, வண்டி, மீன், பறவை, காற்று, டிராகன், 'பார்', 'சிப்பி', 'கிழக்கு', 'நீளம்' ஆகியவையும். இதற்கே பக்கத்தில் பாதி தெளிந்துவிடும். அடுத்து தனியாக மாறிய எழுத்துகளில் தினமும் புழங்குபவை: 'நாடு', 'படி', 'கேள்', 'உடல்', 'இந்த', பொருள்களை எண்ணும் 'க'. 'உடல்' 23-இலிருந்து 7, 'கேள்' 22-இலிருந்து 7. 'கேள்' எழுத்தில் காது போய் வாய் வந்துவிட்டது என்று நினைவில் வைத்தால் மறக்காது. மூன்றாவதாக, ஒன்றில் அடைத்த எழுத்துகளை இணைச் சொற்களாக மட்டும் படியுங்கள்: 'பின்னால்' என்று தனியாக வேண்டாம், 'நாளை மறுநாள்', 'அரசி' என்று முழுச் சொல்லாக. பிறகு தைவான், ஹாங்காங் பாட்டுகளை வரி எழுத்தோடு பாருங்கள். பெருநில இளைஞர்கள் பலர் பள்ளியில் படிக்காமலே மரபெழுத்து வாசிப்பது கரோக்கே திரையின் புண்ணியம்.

கையில் கிடைத்த தாள் எந்த வடிவம் என்று சட்டென்று பார்க்க, எண்ணும் 'க'வைத் தேடுங்கள். குடைக்கு ஒரு காம்பு மாதிரி 3 கோட்டில் இருந்தால் எளியது. மனிதன் ஒருவன் பெட்டி அருகில் நிற்கும் 10 கோடு என்றால் மரபு. 'நாடு' எழுத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பெட்டிக்குள் பச்சைக்கல் இருக்கும் எளிய வடிவம் ஜப்பானியத்துக்கும் பொது.

பெயர்களை மட்டும் எந்தக் கருவியிடமும் விடாதீர்கள். 'ஃபான்' என்ற குடும்பப் பெயர் இரண்டு வடிவத்திலும் ஒரே எழுத்து. ஆனால் 'முன்மாதிரி' என்ற எழுத்தும் எளிய வடிவில் அதில் வந்து அடைந்திருப்பதால், கருவி திரு. ஃபானைத் திரு. முன்மாதிரி ஆக்கிவிடும். 'சோங்' என்ற குடும்பப் பெயர் கடிகாரமாகிவிடும். அழைப்பிதழ், ஒப்பந்தம், விசா விண்ணப்பம் எதுவானாலும் உரியவரிடம் மரபு வடிவத்தை அவர் கையால் எழுதித் தரச் சொல்லி, அதைப் பார்த்தே அடியுங்கள்.